கனடாப் பொலிஸ் பெரியவர் அப்பாவை விசாரித்தது

மாமி கனடாவிலிருந்து அனுப்பிய குரல்பதிவு அரை நிமிடம்கூட இல்லை. அதில் முதல் பாதி யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்கிற சத்தம். மிச்சப் பாதியில் மாமி கத்தினார்.

"தம்பி, அக்கா கதைக்கிறன். இஞ்சை ஒரு பெரிய பொலிஸ்காரர், கனடாப் பொலிஸிலையே மேல்படி வரைக்கும் ஏறினவராம், உன்ர பேரையும் ஊரையும் காட்டி விசாரிச்சவர். நான் எல்லாம் சொன்னனான். பிறகு எடு."

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினி. ஞாயிறு மத்தியானங்களில் அப்பா எங்கள் மூவருடைய உடுப்புகளையும் அயன் பண்ணுவார். அந்த வேலையை அம்மாவைத் தொட விடமாட்டார். என்னுடைய நீலச் சட்டையின் கை ஒன்று பலகையில் பாதி மினுங்கிப் பாதி சுருங்கிக் கிடக்க, அப்பா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"திருப்பிப் போடு."

மூன்று தரம் போட்டேன்.

"விசாரிச்சவராம்," என்றார் அம்மா, கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே. "என்னத்துக்கு விசாரிக்கிறது? நீங்கள் கனடா மண்ணையே மிதிக்கேல்லை."

"அதோடை, 'நான் எல்லாம் சொன்னனான்' எண்டும் சொல்லுறா. அக்காவின்ர வாய்க்கு ஒரு கதவு கிடையாது."

"என்ன எல்லாம், அப்பா?" என்று நான் கேட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் திறந்து கிடந்த என் லாப்டொப்பைப் பார்த்தார். அதில் அவருக்கும் அம்மாவுக்குமான கனடாப் பயண அனுமதிப் படிவம் முழுவதும் நிரப்பப்பட்டு, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்காகக் காத்திருந்தது.

"உதை இப்ப அனுப்பாதை," என்றார்.

அந்தப் பொத்தானில் என்ன தொங்கியது என்று சொல்லிவிடுகிறேன். மாமி அப்பாவின் ஒரே அக்கா. இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டு இருபத்தேழு வருடம். மாமியின் மகளுக்கு இன்னும் ஏழு கிழமையில் ஸ்காபரோவில் கலியாணம். மாமா இல்லை, காலமாகிவிட்டார். எங்கள் முறைப்படி பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி நிற்கவேண்டும், கணவனை இழந்த மாமி மணவறையில் நிற்க முடியாது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் என் அப்பாவும் அம்மாவும்தான். அப்பாவுக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்ததே அந்த வருடம்தான். அது வந்த அன்று மாமி போனில் அழுத அழுகையை நானும் கேட்டேன். அப்பா போகாவிட்டால் மாமி தன் மகளைத் தூரத்துச் சொந்தக்காரர் யாருடைய கையாலோ கொடுக்கவேண்டி வரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா எட்டு. நான் கம்பஸ் முடித்து வால்தம்ஸ்டோவில் கவுன்சில் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வருகிற கடிதம், பில், ஆஸ்பத்திரித் துண்டு எதுவென்றாலும் "படிச்ச பிள்ளை பாக்கட்டும்" என்று என் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அன்றைக்கு வந்தது கடிதமல்ல. ஆனாலும் அப்பா அதே குரலில்தான் சொன்னார்:

"ஆர் உந்தப் பொலிஸ் எண்டு ஒருக்காப் பார், தம்பி. மாமியிட்டைக் கேக்காதை. போனிலை ஒண்டும் கதைக்காதை."

போனில் ஒன்றும் கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டின் பழைய சட்டம். எங்கள் ஆட்கள் சண்டைக்காலத்தில் கொம்யூனிகேசன் என்கிற போன் கடையில் வரிசையில் நின்று கதைத்தவர்கள், பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், "அவருக்கு அது கிடைச்சிட்டுதாம்" என்று கதைக்கப் பழகியவர்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாயிற்று. இன்றைக்கும் அப்பா தன் சீனி வருத்தத்தை மோர்டனில் இருக்கிற சிநேகிதருக்குப் போனில் சொல்லும்போது "அந்தச் சாமான் கொஞ்சம் கூட" என்றுதான் சொல்வார்.

அடுத்த நாள் மாமியே எடுத்தார். அப்பா ஸ்பீக்கரை அணைத்துக் காதோடு வைத்துக் கதைத்தார். எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான்.

"அக்கா, அதைப்பற்றிப் போனிலை வேண்டாம்... அதைத்தான்... ஓம், அதேதான்... நேரிலை பாப்பம்... வந்தால்."

அந்த "வந்தால்" என்ற சொல்லில் அம்மா திரும்பிப் பார்த்தார்.

*

குரல்பதிவுக்குப் பின்னால் மாமி ஒரு படமும் அனுப்பியிருந்தார். ஒரு மண்டபம், பொங்கல் விழாத் தோரணம், நடுவில் மாமி வடைத் தட்டோடு. பக்கத்தில் மாமியைப்போல ஒன்றரை மடங்கு உயரமான வெள்ளைக்காரர். அகன்ற விளிம்புத் தொப்பி, சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். கனடாவைப்பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் தெரிந்த அந்த உடுப்பு. அந்த விழாவின் அறிவித்தலைத் தேடி எடுத்தேன். பிரதம விருந்தினர் அவர்தான். பேரும் பழைய பதவியும் போட்டிருந்தது. மத்திய பொலிஸின் ஓய்வுபெற்ற உதவி ஆணையாளர். பேரை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஒரு பேரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை அவருடைய உத்தியோக வாழ்க்கைக்குள் இருந்தேன். பெரிய பொலிஸ்காரர்களின் வாழ்க்கை நாங்கள் நினைக்கிறதைவிட வெளியில்தான் கிடக்கிறது. பதவி உயர்வு அறிக்கை, சிறுபட்டணப் பத்திரிகைத் துண்டு, பதக்கம் வாங்குகிற படம், பாராளுமன்றக் குழு விசாரணையின் வீடியோ, ஓய்வு விருந்துப் பேச்சு. நான் ஒரு கொப்பி வாங்கினேன். பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் அவருடைய வருடங்களை எழுதினேன்.

இருபத்திரண்டு வயதில் பனி கொட்டுகிற ஒரு சமவெளிப் பட்டணத்தில் கொன்ஸ்டபிள். நாலு பொலிஸ்காரர் மட்டும் இருந்த நிலையம். அந்த ஊர்ப் பத்திரிகை அவர் பனியில் புதைந்த பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் கண்டுபிடித்ததைப் படத்தோடு போட்டிருந்தது. பிறகு விமான நிலையத்தில் குடிவரவு சம்பந்தமான பிரிவு. பிறகு வெளிநாட்டுத் தூதரகத்தில் தொடர்பு அதிகாரி. பிறகு திரும்பிப்போய் அமைப்புகளின் பின்னணியைத் தோண்டுகிற பிரிவு. அத்தியட்சகர். ஒரு மாகாணம் முழுவதற்கும் பொறுப்பு. கடைசியில் உதவி ஆணையாளர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோரின் மாடிப்படியில் இருந்து, ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு அந்தப் பாராளுமன்றக் குழு வீடியோவைப் பார்த்தேன். மூன்று நாள் மத்தியானம் ஆயிற்று. மனிதர் அவசரப்படாதவர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் சட்டைக் கைநுனியை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒரு பெண் உறுப்பினர், ஒருவருடைய பேர் ஒருமுறை கோப்பில் ஏறினால் எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்று கேட்டார். அவர் கைநுனியை இழுத்தார். அது விடயத்தைப் பொறுத்தது என்ற பொருளில் ஏதோ சொன்னார். அதை நான் நாலுமுறை திருப்பிப் பார்த்தேன். விடயத்தைப் பொறுத்தது. என் அப்பாவின் விடயம் என்ன?

அவர் தொடர்பு அதிகாரியாக இருந்த தூதரகம் எது என்று ஓய்வு விருந்துப் பேச்சில்தான் கிடைத்தது. லண்டன். நாலு வருடம்.

கொப்பியின் வலப்பக்கத்தில் அப்பாவின் வருடங்களை எழுதத் தொடங்கினேன். மாமி கனடாவுக்குப் போனது. அடுத்த வருடம், எனக்கு இரண்டு வயதில், அப்பா லண்டனுக்கு வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அம்மாவும் நானும் ஸ்பொன்சரில் வந்து இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஹீத்ரோவில் ஒருவர் என்னைத் தூக்க முயன்று, நான் பாரமாக இருந்ததால் தோளில் தட்டிவிட்டு நின்றார். எனக்கு அப்பாவைத் தெரிய வந்தது அந்த இடத்திலிருந்துதான். அதற்கு முந்திய பத்து வருடமும் ஒரு வெற்றுப் பத்தி. அந்தப் பத்தியின் முதல் நாலு வருடத்துக்கு நேரே, இடப்பக்கத்தில், லண்டனில், கனடாப் பொலிஸ்காரர் நின்றார்.

சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால் அதற்குப் பிறகு நாங்கள் காண்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. அப்பா ஏன் ஒரு பழைய படம்கூட வைத்திருக்கவில்லை? அந்தக் காலத்துச் சிநேகிதர் என்று ஒருவர்கூட ஏன் வீட்டுக்கு வந்ததில்லை? மத்திய லண்டனுக்குப் போகிற பஸ்ஸில் குறிப்பிட்ட ஒரு தரிப்பைத் தாண்டும்போது அவர் ஏன் எப்போதும் மற்றப் பக்கம் பார்க்கிறார்? இதெல்லாம் அதற்கு முன்பும் நடந்தவைதான். அப்போது நான் எண்ணவில்லை.

*

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் அப்பா அயன் பலகையை விரித்ததும் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அப்பா, வந்த முதல் நாலு வருசம் எங்கை வேலை செய்தனீங்கள்?"

"உடுப்புக் கடையிலை. உனக்குத் தெரியும்தானே."

"எந்த ரோட்டிலை?"

"ரோட்டின்ர பேர் ஆருக்கு ஞாபகம்? பஸ்ஸாலை இறங்கினால் கடை."

"எந்த பஸ்?"

"அப்ப ஓடின பஸ். இப்ப ஓடுதோ தெரியாது." அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொப்பியில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அதை அவர் கண்டார்.

"கடைக்கு ஆர் ஆர் வாறவை?"

"உடுப்பு உள்ள எல்லாரும் வருவினம்."

"தூதரக ஆக்கள்?"

அயன் பெட்டி நின்றது.

"கனடாத் தூதரகம் கிட்டவோ?"

"கிட்டத்தான்."

"அப்ப வேலை செய்ய உங்களிட்டை அனுமதி இருந்ததோ?"

"என்ர அகதிக் கேஸ் அப்ப முடியேல்லை. ஆரிட்டை இருந்தது அனுமதி? எல்லாரும்தான் செய்தவை."

"அந்தக் கடையிலை நீங்கள் என்ன வித்தனீங்கள்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியை. நடுவில் கிழித்த கோட்டை, இரண்டு பக்கமும் எழுதிய வருடங்களை. இங்கிலீசு வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும் அவருக்கு.

"இப்ப நீ என்னை விசாரிக்கிறியோ?"

நான் கொப்பியை மூடினேன்.

"ஊரிலை ஆமிக்காரனும் உப்பிடித்தான். கொப்பியை வைச்சுக்கொண்டு. எந்த ரோட்டு, எந்த பஸ், ஆர் வந்தது, ஆர் போனது." குரலை உயர்த்தவில்லை. "நீ படிச்சது உதுக்கோ?"

அயன் பெட்டியின் வயரை இழுத்துக் கழற்றினார். இன்னும் மூன்று சட்டை மிச்சம் கிடந்தது. அவர் பாதியில் விட்டு எழும்பியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"அக்காவுக்குச் சொல்லு எனக்கு முழங்கால் ஏலாதெண்டு," என்று அம்மாவிடம் சொன்னார். "பிளேனிலை இருக்க ஏலாது. வேறை ஆரையாவது பாக்கட்டும்."

படியேறிப் போனார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

*

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் மூவரும் தேத்தண்ணி வேண்டுமா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற, அம்மா போனை மேசையின் நடுவில், ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார். வீடியோக் கோல். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, போனிலை..."

"வாயைப் பொத்து. நீயும் கொப்பரும் துப்பறிஞ்சது காணும்." அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "இருங்கோ அதிலை. எழும்பினியளெண்டால் இண்டைக்குச் சோறு இல்லை."

மாமியின் முகம் வந்தது. நெற்றி மட்டும். மாமி எப்போதும் நெற்றியைத்தான் காட்டுவார்.

"மச்சாள், நான் சுத்தி வளைக்கேல்லை," என்றார் அம்மா. "அந்தக் கனடாப் பொலிஸ் ஏன் இவரை விசாரிச்சது?"

"எந்தப் பொலிஸ்?"

"பெரிய பொலிஸ்காரர் விசாரிச்சவர் எண்டு நீங்கள்தானே பேசி அனுப்பினியள்!"

"ஓ, அந்த மனிசனோ! சுகம் விசாரிச்சவரடி!"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர தம்பி எப்பிடி, இருக்கிறாரோ, என்ன செய்யிறார் எண்டு சுகம் விசாரிச்சவர். நான் எல்லாம் சொன்னனான். வடிவா இருக்கிறான், பாஸ்போட்டும் கிடைச்சிட்டுது, மோன் கம்பஸ் முடிச்சுக் கவுன்சிலிலை வேலை, கலியாணத்துக்கு வாறான் எண்டு. ஏன், என்ன?"

விசாரிச்சவர். ஊரில் ஒருவரையொருவர் கண்டால் விடைபெறும்போது சொல்வது அதுதான், "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு." நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அதே சொல் பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் எங்கள் மூன்று பேருக்கும் அதன் மற்ற முகம் மட்டும்தான் தெரிந்தது.

"அவருக்கு என்னை எப்பிடித் தெரியும், அக்கா?" அப்பா போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"உன்ர கையெழுத்தாலைதான். பேரையும் ஊரையும் காட்டினவர் எண்டு சொன்னனான்தானே."

காட்டி. மாமி "சொல்லி" என்று சொல்லவேயில்லை. மூன்று தரம் போட்டுக் கேட்டும் அந்தச் சொல் எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை.

"ஒரு சின்னத் துணி நாடா, பிளாஸ்டிக் உறையிலை போட்டு வைச்சிருக்கிறார். அவரின்ர சிவப்புக் கோட்டுக்கு உள்ளுக்கு, கொலருக்குக் கீழை தைச்சுக் கிடந்ததாம். லண்டனிலை இருக்கேக்கை தோய்க்கக் குடுத்து வந்ததாம். தமிழ் எழுத்து எண்டு தெரியுமாம், அதுதான் தமிழ் விழாவுக்கு வரேக்கை கொண்டு வந்தவர். மேடைக்குக் கீழை நிண்ட எங்களிட்டைக் காட்டினார். எனக்கு உன்ர 'ழ' தெரியாதே தம்பி? வால் பக்கத்து எழுத்துக்குக் கீழாலை ஓடும். பாத்த உடனை நான் வடைத் தட்டைக் கீழை வைச்சிட்டன்."

"தோய்க்கக் குடுத்து," என்றார் அம்மா மெதுவாக.

மாமியின் நெற்றி சுருங்கியது. "தம்பி, நீ 'அதைப்பற்றிப் போனிலை வேண்டாம்' எண்டனி. நான் நினைச்சன், லோண்டரிக் கதையைச் சபையிலை அவிட்டு விட்டிட்டன் எண்டு உனக்குக் கோவமாக்கும் எண்டு. அதுதான் நானும் பிறகு வாய் திறக்கேல்லை."

"எந்த லோண்டரி?" என்றார் அம்மா. "எனக்கு உடுப்புக் கடை எண்டுதானே எழுதினியள்?"

"உடுப்புக் கடைதானே," என்றார் அப்பா. "உடுப்பு இல்லாமலோ தோய்க்கிறது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு சத்தம் வந்தது.

இதை மறைக்காமல் எழுதவேண்டும். எங்கள் ஊரில் உடுப்புத் தோய்க்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அந்த மனிதர்களை முற்றத்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். என் அப்பாவும் அப்படி நிறுத்திய வீடொன்றில்தான் வளர்ந்தார். லண்டனில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான், பத்து வருடம் அதைத்தான் செய்தார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டது அந்த வேலைதான். அதை அவர் ஊருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்தக் கடை இருந்த தெருவுக்குத்தான். நான் கொப்பியில் கேள்விக்குறி போட்டது இந்த வெட்கத்தின் மேல். வெட்கப்பட வேண்டியது அந்த வேலைக்காக இல்லை என்று இப்போது சொல்வது எனக்குச் சுலபம். எனக்கு அயன் பண்ணித் தர ஒருவர் இருக்கிறார்.

"ஏன் ஒளிச்சனீங்கள்?" என்றார் அம்மா.

"சொல்லியிருந்தால் உன்ர கொப்பர் உன்னை அனுப்பியிருப்பாரோ?"

அம்மா யோசித்தார். "அனுப்பியிருக்க மாட்டார்," என்று ஒத்துக்கொண்டார்.

மாமி அந்த நாடாவின் படத்தை அனுப்பினார். சிறுவிரல் நீளம். மஞ்சள் பிடித்த பருத்தி, அதில் அழியாத கறுப்பு மையில் அப்பாவின் இனிஷல், பேர், ஊர். 'ழ' வின் வால் அடுத்த எழுத்துக்குக் கீழே ஓடியது. அப்பா போனைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஆனால் அவரின்ர கோட்டிலை ஏன் உங்கடை பேர்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, இதுவும் விசாரணையோ என்று பயந்தேன்.

அப்பா போனைப் பார்த்தபடியே சொன்னார். "அது முதல் கிழமை. முதலாளி எங்கடை ஆள்தான். ஒவ்வொரு உடுப்பிலையும் பேரை எழுதித் தைச்சுவிடடா எண்டார். உடுப்புக்காரன்ர பேரை. எனக்கு அது விளங்கேல்லை. செய்தவன்ர பேராக்கும், பிழை நடந்தால் ஆரைப் பிடிக்கிறது எண்டு பாக்கிறதுக்காக்கும் எண்டு நினைச்சன். எங்கை பேர் கேட்டாலும் பிடிக்கிறதுக்குத்தானே கேக்கிறவை அப்ப."

"அதுக்கு ஊரையும் எழுதினியளோ?"

"அதே பேரிலை இன்னொருத்தன் இருந்தால்? மாறிப் பிடிச்சிடுவாங்களே."

இந்த முறை அம்மா சிரித்தேவிட்டார். போனுக்குள் மாமியும் சிரித்தார். நெற்றி குலுங்கியது.

"மூண்டு நாள் எல்லாரின்ர உடுப்பிலையும் எழுதித் தைச்சன். பிறகுதான் முதலாளி கண்டிட்டுத் தலையிலை அடிச்சவர். கடையிலை நிண்டதைப் பிரிச்சு எடுத்தம். போனது போயிட்டுது. லண்டனிலை எத்தினை பேரின்ர உடுப்புக்குள்ளை என்ர பேர் கிடக்குதோ தெரியாது." படத்தை விரலால் பெரிதாக்கினார். "அந்தச் சிவப்புக் கோட்டு ஞாபகம் இருக்கு. நல்ல கம்பளி. பித்தளைப் பொத்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் வெள்ளித்தாள் சுத்தித்தான் பெட்டி பிடிக்கவேணும், இல்லாட்டில் கறுத்துப் போகும். அந்த மனிசன் வந்து எடுக்கேக்கை கைநுனியைத்தான் முதல் பாத்தவர்."

என் பள்ளிக்கூடக் கோட்டின் பொத்தான்களுக்கும் அப்பா வெள்ளித்தாள் சுற்றித்தான் அயன் பண்ணுவார். வேறு பிள்ளைகளின் அப்பாமாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அவருக்கும் முதலிலை பயமாம், தம்பி," என்றார் மாமி. "தெரியாத பாசையிலை ஆரோ தன்ர யூனிபோமுக்குள்ளை என்னவோ தைச்சு விட்டிருக்கினம், மந்திரமோ மிரட்டலோ எண்டு. கந்தோரிலை குடுத்து வாசிப்பிச்சவராம். ஒரு பேர், ஒரு ஊர், வேறை ஒண்டுமில்லை எண்டினமாம். அதுக்குப் பிறகு பகிடியா வைச்சிருந்தவராம். அந்த மனிசனையும் கலியாணத்துக்குச் சொல்லியிருக்கிறன். உன்னைக் காணவேணுமாம்."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு கிழமையாக ஒரே வீட்டில் தனித்தனியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது.

"வாசிப்பிச்சவை எண்டால்," என்றார் அப்பா, "எழுதியும் வைச்சிருப்பினம்."

'இல்லை' என்று நான் சொல்லவேண்டும் என்று அம்மாவின் கண் சொன்னது. பாராளுமன்ற வீடியோவில் அவர் கைநுனியை இழுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. "தெரியாது, அப்பா," என்றேன்.

"வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது."

"ஓம்."

"அக்கா," என்று அப்பா போனிடம் கேட்டார், "நீ இதைச் சபையிலை சொல்லேக்கை பக்கத்திலை ஆர் ஆர் நிண்டவை?"

"ஆர், மாப்பிள்ளையின்ர தாய்தான் நிண்டவ."

"லோண்டரி எண்டதைக் கேட்டவவோ?"

"கேட்டவ."

"என்ன சொன்னவ?"

"வடை ஆறுது எண்டவ."

அப்பா எழுந்துபோய் அயன் பலகையை விரித்தார். புதன்கிழமை. ஞாயிறு விட்டுப்போன மூன்று சட்டையும் கூடைக்குள் அப்படியே கிடந்தன. முதலாவதை எடுத்துத் தண்ணீர் தெளித்து, கொலர், தோள், கை, முன்பக்கம் என்று ஒழுங்காக முடித்து, கொழுவியில் போட்டு, பொத்தானை மேலிருந்து கீழ்வரை பூட்டினார். மாமி போனில் இன்னும் இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தம்பி," என்று என்னைக் கூப்பிட்டார், "அந்தப் பொத்தானை அமத்து."

"எழுதி வைச்சிருந்தால்?"

"எழுதி வைச்சிருந்தால் என்ர பேர்தானே இருக்கும். பொய்ப் பேர் இல்லையே."

அழுத்தினேன். கனடாப் பயண அனுமதி வழக்கத்தில் சில நிமிடத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுடையது கறி கொதிக்கமுதல் வந்தது. அப்பாவுடையது வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கந்தோரில் நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் வாசல் கதவைத் திறக்கும்போது மட்டும் குசினியிலிருந்து என் முகத்தைப் பார்ப்பார்.

நாலாம் நாள் வந்தது. அனுமதி. ஒரு வரி, காரணம் ஒன்றுமில்லை. ஏன் நாலு நாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தேடிப் பாத்திருப்பினம்," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியை நான் இன்னும் எறியவில்லை. வலப்பக்கத்து வெற்றுப் பத்தியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கேட்டு எழுதுவதில்லை. ஞாயிறு மத்தியானம் அவர் அயன் பண்ணும்போது பக்கத்தில் இருந்தால் தானாக ஏதாவது சொல்வார், அதை அவர் மேலே போனபிறகு எழுதுவேன்.

பயணத்துக்கு முதல்நாள் அப்பா பெரிய பெட்டியைப் பூட்டிவிட்டு, அதன் பிடியில் கட்டுகிற அட்டையை எடுத்து, கறுப்புப் பேனையால் எழுதினார். இனிஷல், பேர், ஊர். தமிழில்.

"அப்பா, இங்கிலீசிலை எழுதவேணும். பெட்டி மாறிப்போனால் எயாப்போட்டிலை ஆர் உதை வாசிக்கிறது?"

"ஆராவது விசாரிப்பினம்," என்றார்.

நான் இன்னொரு அட்டையில் இங்கிலீசில் எழுதிப் பக்கத்தில் கட்டினேன். அவர் குனிந்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து என் கையில் தந்தார்.

"இதிலை கிடக்கிற மாதிரியே எழுதினியோ எண்டு ஒருக்கா வடிவாப் பார், தம்பி. மாறிப் பிடிச்சிடுவாங்கள்."